மூணு சக்கரச் சுமை வண்டியின் மோட்டார் முன்சக்கரம், 36 போக்ஸ் (ஆரக்கம்பி)

ஜூன் 4
கம்பி வரவில்லை.

ஜூன் 5
மோட்டாரின் ஃபிளாஞ்ச் (இரண்டு பக்கமும் கம்பித் தலை மாட்டும் விளிம்பு): எதிரெதிர் துளைகள் நடுவுக்கு நடு 232 மி.மீ. நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் 22, வலப்பக்கம் 18. நம்ம ஊர் பழைய சைக்கிளில் முன்ரிம் 32 துளை, பின்ரிம் 40. இதற்கு இரண்டும் ஆகாது. 26 இன்ச், இரட்டைச் சுவர், 36 துளை ரிம்தான்.

ரிம் அளவை டேப்பால் எடுக்கக் கூடாது. 200 மி.மீ.க்கு வெட்டிய இரண்டு கம்பிகளை எதிரெதிர்த் துளைகளில் நிப்பிளோடு (ரிம்மில் கம்பியை முறுக்கிப் பிடிக்கும் சின்ன நட்டு) மாட்டி, கம்பி முனை நிப்பிள் தலைக் காடிக்குச் சமமாக நிற்கும்படி முறுக்கி, இழுத்துப் பிடித்து இடைவெளியை அளக்கணும். மூன்று இடத்திலும் 146. ஆக 200 + 200 + 146 = 546.

ஒரு குறுக்கு (ஒவ்வொரு கம்பியும் தன் பக்கத்தில் வேறொரு கம்பியை ஒரே முறை தாண்டுவது) போட்டால் இரண்டு பக்கமும் 168 மி.மீ. கம்பி. மூன்று குறுக்கு என்றால் 237. ரிம்மில் கம்பி 25 டிகிரி சாய்ந்து, நிப்பிள் வாயிலேயே வளைந்து முறியும். ஒரு குறுக்கில் 14 டிகிரிக்குள் அடங்குகிறது.

ஜூன் 6
கடையில் 12 கேஜைத்தான் (2.6 மி.மீ. தடிமன்) நீட்டுகிறார்கள். "தடியா இருந்தா தாங்கும்ணே." தாங்காது! 100 கிலோ இழுவையில் 168 மி.மீ. நீளமுள்ள 2.6 மி.மீ. கம்பி 0.16 மி.மீ.தான் நீளும். 2.0 மி.மீ. கம்பி 0.26 நீளும். பள்ளத்தில் ரிம் அமுங்கும்போது, நன்றாக நீண்டு நின்ற கம்பியில் கொஞ்சமாவது இழுவை மிச்சமிருக்கும். தடிக் கம்பி சுத்தமாகத் தளர்ந்து, உடனே வெடுக்கென்று இழுபடும். நிப்பிள் கழலும்; பிறகு தலைக்குக் கீழே வளையும் இடத்தில் கம்பி முறியும். கூட இறுக்கிச் சரிசெய்யலாம் என்றால் ரிம் துளை வெடிக்கும். போதாததற்கு, 12 கேஜ் நிப்பிளுக்காக அந்தத் துளையையே பெரிதாக்கச் சொல்கிறார்கள்.

தலைப்பக்கம் 2.3, மற்ற நீளமெல்லாம் 2.0. அந்தக் கம்பிதான் வேண்டும்.

ஜூன் 8
இன்றும் இல்லை.

ஜூன் 9
சைக்கிள் திருப்பத்தில் சாயும். சுமை சக்கரத்தின் தளத்திலேயே இறங்கும். மூணு சக்கர வண்டி சாயாது, திருப்பத்தின் தள்ளு முழுக்கப் பக்கவாட்டில் விழும். அதைத் தாங்க வேண்டிய வலப்பக்கக் கம்பியின் பக்கவாட்டுச் சாய்வோ வெறும் 6 டிகிரி. தடிக் கம்பி போட்டாலும் இந்தச் சாய்வு அதிகமாகாது.

ஜூன் 11
வந்துவிட்டது! அளந்தேன்: 2.3, 2.0, 168.

ஃபிளாஞ்ச் துளை 3.0 என்பதால் கம்பி ஆடும். ஒவ்வொரு தலைக்கும் அடியில் 2.5 மி.மீ. பித்தளை வாஷர். மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய். எல்லா நிப்பிளிலும் கடைசி மரை மறையும்வரை மட்டும் முறுக்கி நிறுத்தம்.

ஜூன் 12
அரைச் சுற்று, அரைச் சுற்றாக. முதலில் பக்கவாட்டுக் கோட்டம், பிறகு மேல்கீழ், பிறகு ரிம்மை நடுவுக்குக் கொண்டுவருவது. இறுகியதும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடியாகக் கையால் அழுத்த, முறுகி நின்றவை டிக் டிக்கென்று விடுபட்டன. மறுபடி கோட்டம். கம்பிகளைத் தட்டினால் ஒரு பக்கத்தில் எல்லாம் ஒரே சுருதியில் இருக்கணும். அரை மி.மீ.க்குள் நிற்கிறது. அருமையான ரிம்.

ஜூன் 13
ஆக்சிலின் தட்டைப்பக்கம் 10 மி.மீ. ஃபோர்க் வாயில் அது உருண்டால் வயர் அறுந்துவிடும். இரண்டு பக்கமும் டார்க் ஆர்ம் (ஆக்சில் உருளாமல் ஃபோர்க்கோடு பிடித்து வைக்கும் தட்டு). வயர் கீழ்நோக்கித் தொங்கி மேலேறணும். இல்லையென்றால் மழைத்தண்ணீர் அதன் வழியே மோட்டாருக்குள் போகும்.

ஜூன் 14
காலி வண்டி ஓட்டம். வலப்பக்கம் மூன்று கம்பிகளில் சுருதி இறங்கியிருக்கிறது. கால் சுற்று. நாளை சுமையோடு.