தோளில் ஏறிய அணித்தலைவர்

புதுச்சேரியில் வளர்ந்தவர்களுக்குச் சிலை எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஒரு கருத்து தானாகவே அமைந்துவிடும். கடற்கரைச் சாலையில், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த எட்டுக் கருங்கல் தூண்களுக்கு நடுவே காந்தி நிற்கிறார். அதே சாலையின் தென்கோடியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே நிற்கிறார். கொள்கையில் ஒட்டாத இருவரும், தனியாக உயரத்தில் நிற்பதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். இந்தப் பழக்கத்தோடுதான் இங்கிலாந்துக் கால்பந்து அணித்தலைவர் பாபி மூரின் லண்டன் சிலைகளையும் படங்களில் பார்த்தேன்.

வெம்ப்ளி மைதானத்தின் வாசலில் 2007இல் திறக்கப்பட்ட வெண்கலச் சிலை நமக்குப் பழகிய வகையைச் சேர்ந்தது. ஏறக்குறைய இருபது அடி உயரம். கைகளைக் கட்டிக்கொண்டு, வரும் கூட்டத்தைப் பார்த்தபடி நிற்கிறார். நாட்டுக்காக 108 ஆட்டங்கள் ஆடி, அவற்றில் 90இல் தலைமை ஏற்ற ஒருவருக்கு இந்த மிடுக்கு பொருத்தமே. ஆனாலும், 1993இல் 51 வயதில் புற்றுநோயால் இறந்த அவருக்கு உயிரோடு இருந்தபோது 'சர்' பட்டம்கூடத் தரப்படவில்லை என்பதை நினைத்தால், இந்த இருபது அடியில் கொஞ்சம் பரிகாரமும் கலந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

என் மனத்துக்குப் பிடித்தது, அதே சிற்பி பிலிப் ஜாக்சன் செய்து, கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) சாலையும் கிரீன் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் முனையில் 2003இல் வைக்கப்பட்ட குழுச்சிலைதான். அருகிலுள்ள ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கும் என் அத்தை மகன், புடவைக் கடைகளுக்குப் போகும் வழியில் எடுத்து அனுப்பிய படங்களில் அதை நிதானமாகப் பார்த்தேன். 1966 ஜூலை 30 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியை 4-2 என வென்ற பிறகு எடுக்கப்பட்ட புகைப்படத்தின் வடிவம் அது. மூர் கோப்பையை உயர்த்திப் பிடித்திருக்கிறார். சக ஆட்டக்காரர்கள் ஜெஃப் ஹர்ஸ்டும் ரே வில்சனும் அவரைத் தோளில் தாங்குகிறார்கள். மார்ட்டின் பீட்டர்ஸ் பக்கத்தில் நிற்கிறார். வில்சனின் முகத்தில் வெற்றிக் களிப்பைவிட, தோளில் இறங்கிய பாரம்தான் முதலில் தெரிகிறது. தலைவரின் உயரம் பீடத்தால் வந்ததன்று, இன்னொருவருடைய தோளால் வந்தது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் சிலையை நம் ஊர்ப்பக்கம் நான் கண்டதில்லை. (அன்றைய உலகக் கோப்பையான அசல் ஜூல்ஸ் ரிமே கோப்பை 1983இல் பிரேசிலில் திருடுபோய், இன்றுவரை கிடைக்கவில்லை, மூரின் கையில் உள்ள வெண்கலக் கோப்பை மட்டும் பத்திரமாக இருக்கிறது.)

அந்த முனையில் சிலை வைத்ததற்குக் காரணம், மூர், ஹர்ஸ்ட், பீட்டர்ஸ் மூவரும் ஆடிய வெஸ்ட் ஹாம் கழகத்தின் மைதானம் பக்கத்திலேயே இருந்ததுதான். இறுதி ஆட்டத்தின் நான்கு கோல்களில் மூன்று ஹர்ஸ்டுடையவை, ஒன்று பீட்டர்ஸுடையது என்பதால் அந்தப் பகுதிக்காரர்களின் பெருமிதத்துக்குக் கேட்கவே வேண்டாம். கழகம் 2016இல் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு இடம் மாறியது. பழைய மைதானத்தை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். புதிய மைதானத்துக்கு வெளியே 2021இல் கழகம் இன்னொரு சிலையைத் திறந்தது. அதில் 1965இல் வென்ற ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பையோடு கழகத்தின் மூவரும் இருக்கிறார்கள். வில்சன் எவர்ட்டன் கழகத்துக்காரர் என்பதால் அவருக்கு அங்கே வேலையில்லை. அவரைப் பார்க்க வேண்டுமானால் கிரீன் ஸ்ட்ரீட் முனைக்குத்தான் போக வேண்டும்.