அம்மாவின் வலி

மார்ச் 3
நேற்றிரவும் அம்மா தூங்கவில்லை. புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பி ஆறு வாரம் ஆகிறது, புரண்டு படுக்கவே பயப்படுகிறாள். வலிக்கு என்ன கொடுப்பது என்று அன்றே கேட்டேன். இந்த நோயில் வலி இருக்கத்தான் செய்யும் என்றார்கள். கையில் இருப்பது பாரசிட்டமால் மட்டும்.

மார்ச் 5
தேடித் தேடிப் படிக்கிறேன். சாதாரண மாத்திரை கேட்காவிட்டால் கோடீன் மாதிரி கொஞ்சம் வலுவான ஒன்று, அதுவும் கேட்காவிட்டால் அபினிலிருந்து எடுக்கும் வலுவான வலி மருந்தான மார்பின் என்று உலக சுகாதார நிறுவனம் 1986லேயே படிப்படியாகச் சொல்லியிருக்கிறது. நாங்கள் முதல் படியிலேயே நிற்கிறோம். லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017ல் போட்ட கணக்கைப் பார்த்தேன்: மார்பின் அளவில் கணக்கிட்டால், உலகில் ஒரு வருடத்தில் விநியோகமாகும் இந்த வகை மருந்து 298.5 டன், அதில் ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன். நூறு கிலோ! விலை மலிவான மருந்து இது. போதைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் போட்ட சட்டங்களும், எழுதிக் கொடுக்கப் பழகாத டாக்டர்களும்தான் குறுக்கே நிற்கிறார்கள்.

மார்ச் 9
ஒருவழியாக வலிக்கென்றே பார்க்கும் டாக்டர் கிடைத்தார். எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது, எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று அம்மாவிடமே கேட்டார், இதுவரை யாரும் கேட்டதில்லை. மார்பின் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து கட்டாயம். பழக்கமாகிவிடுமே, உயிர் சீக்கிரம் போய்விடுமே என்று மாமா இழுத்தார். உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, போதைக்கு ஏங்குவது வேறு, சரியான அளவில் கொடுத்தால் ஆயுளைக் குறைக்காது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

மார்ச் 11
அம்மா ஐந்து மணி நேரம் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று நான்தான் மூன்று தடவை எழுந்து பார்த்தேன். காலையில் தலை வாரிவிடச் சொன்னாள்.

உகாண்டாவில் மார்பின் பொடியைத் தண்ணீரில் கலந்து பாட்டிலில் கொடுக்கிறார்களாம், அதற்கென்று பயிற்சி பெற்ற நர்ஸ்களே எழுதிக் கொடுக்கலாம். டாக்டர் குறைவாக உள்ள நாடு, இருந்தும் முடிந்திருக்கிறது. அப்புறம் மற்ற இடங்களில் ஏன் முடியாது?

மார்ச் 14
நோய் போகவில்லை, போகாது, அது அம்மாவுக்கும் தெரியும். இன்று சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் பேசினாள். நடுவில், "இந்த மருந்து இப்பதான் புதுசா வந்துச்சா?" என்று கேட்டாள். 200 வருடமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.