ஜோ மவரின் கடைசிப் பந்து

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள எங்கள் செயின்ட் பால் நகரிலேயே பிறந்து வளர்ந்து, 2001-இல் மினசோட்டா ட்வின்ஸ் பேஸ்பால் அணியால், புது வீரர்களுக்கான தேர்வில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோ மவர், வேறு எந்த அணிக்கும் போகாமல் 15 பருவங்கள் ஆடிவிட்டு ஓய்வு பெறுகிறார் என்ற செய்தியை 2018-இல் படித்ததிலிருந்து மனம் கனத்துக் கிடந்தது.

மட்டையாளருக்குப் பின்னால் குந்தி அமர்ந்து பந்தைப் பிடிக்கும், முழங்காலைத் தேய்க்கும் கேட்சர் பணியைச் செய்துகொண்டே 2006, 2008, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளில் பேஸ்பாலின் இரு பெரும் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில், மிக உயர்ந்த மட்டையடிச் சராசரிக்கான பட்டத்தை அவர் வென்றார். அந்த லீக்கில் வேறு எந்தக் கேட்சரும் அதை ஒருமுறைகூட வென்றதில்லை. 2013-இல் தலையில் பட்ட அடி அவரை கேட்சர் இடத்திலிருந்து முதல் பேஸைக் காக்கும் இடத்துக்கு மாற்றியது.

2018 செப்டம்பர் 30 அன்று, ஆட்டத்தின் கடைசிச் சுற்றான ஒன்பதாவது இன்னிங்ஸில், முகக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து ஒரே ஒரு பந்தைப் பிடிப்பதற்காக அவர் மீண்டும் வந்து அமர்ந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. கண் கலங்கியபடி அவர் கையசைத்ததைப் பார்க்கட்டும் என்று, அவருடைய ஏழாம் எண் சட்டை அணிந்திருந்த என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டேன்.