உண்டியல் எண்டா என்ன உண்டியல்?

அம்மா அலுமாரிக்குள்ள இருந்த பழைய நிலையான வைப்புப் பத்திரத்தை எடுத்துத் தந்தா. 2021இல போட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில இலங்கையில 200 ரூபா நிண்ட டொலர் மே மாதம் 360க்குப் போச்சு. செப்டெம்பரில பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட. புத்தகத்தில காசு ஒரு சதமும் குறையேல்லை, சந்தையிலதான் குறைஞ்சது.

அந்த வருசக் கடைசியில திறைசேரி உண்டியலுக்கு, அதாவது அரசாங்கம் ஒரு வருசத்துக்குள்ள திருப்பித் தாறதெண்டு கடன் வாங்கிற பத்திரத்துக்கு, வட்டி 30 வீதத்தையும் தாண்டிப் போனது. முழுக் காசும் பூட்டிக் கிடந்ததால நாங்கள் வாய்பாத்துக்கொண்டு இருந்தம்.

இந்த முறை ஆறு மாசச் செலவுக்காசு சேமிப்புக் கணக்கில. மிச்சத்தைப் பிரிச்சு 3, 6, 12 மாசத் திறைசேரி உண்டியலில போடுவம் எண்டன்.

"உண்டியலோ? கனடாக் காசு வாறதே, அதோ?"

வங்கியில்லாமல் ஆள்மாறி வெளிநாட்டுக் காசு அனுப்பிறதையும் எங்கட ஆக்கள் உண்டியல் எண்டுதான் சொல்லுறது. இது வேற எண்டு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போச்சு.

வங்கி வைப்புக்குக் காப்புறுதி ஒரு வங்கியில ஒராளுக்கு 11 இலட்சம் வரைக்கும்தான். அதையும் சொன்னன். இது கனபேருக்குத் தெரியாது.

எல்லாம் கேட்டிட்டு, "கஸ்தூரியார் வீதியில ரெண்டு பவுணும் எடுத்து வைப்பம் தம்பி" எண்டா. யாழ்ப்பாணத்தில நகைக்கடையள் இருக்கிற வீதி அது. செய்கூலி நட்டம் எண்டு வாதாடிப் பாத்தன். 2022இல அடைவு வைச்சுச் சமாளிச்சது அவவின்ர காப்பைத்தான். பேசாமல் இருந்திட்டன்.