37 அடி

“மிஸ், உங்கட வீட்டில கிணத்துக்கும் கக்கூஸ் குழிக்கும் எத்தினை அடி?”

அந்த மேசன் தம்பி கோபத்தில் கேட்கவில்லை. கோபத்தில் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்கும். கத்துகிறவர்களுக்குச் சொல்வதற்கென்றே பிரதேச சபையில் வேலை செய்கிற எல்லோரிடமும் நாலு வசனம் கைவசம் உண்டு. இவரோ ஒரு சுவருக்கு எத்தனை கல் போகும் என்று விசாரிப்பதுபோலக் கேட்டார். ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

எவ்வளவு என்று எனக்கு அப்போது தெரியாது. தொழில்நுட்ப உத்தியோகத்தராக 11 வருடம் மற்றவர்களின் வளவுகளில் நாடா பிடித்திருக்கிறேன். எங்கள் வளவில் பிடித்ததில்லை.

காணியைத் துண்டாகப் பிரிக்க அனுமதி கேட்ட கோப்பு அது, விசேஷமாக எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு செம்மண் ஊர், 12 பரப்புக் காணி. ஒரு பரப்பு 10 பேர்ச். உரித்துக்காரர் வெளிநாட்டில், இங்கே அற்றோர்னித் தத்துவத்தோடு ஒரு தரகர். காணியில் பாதி பழைய வெங்காயத் தோட்டம், மீதி வடலி, அதாவது இளம் பனை. நில அளவையாளர் நடுவில் 20 அடிப் பாதை விட்டு, இரண்டு பக்கமும் 16 துண்டு கீறியிருந்தார். ஒவ்வொன்றும் 6 பேர்ச்சுக்குச் சற்றுக் கூட. 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது என்பது தரகருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடதாசியில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை.

ஆனால் 6 பேர்ச் என்பது கிட்டத்தட்ட 40 அடிக்கு 40 அடி. மூலைக்கு மூலை பிடித்தால் 56 அடி. ஒரு மூலையில் கிணறு, எதிர் மூலையில் குழி என்று வைத்தால்தான் இரண்டுக்கும் நடுவில் வேண்டிய 50 அடி இடைவெளி வரும். அப்படி வைத்தாலும் பக்கத்து வளவுக்காரரின் குழி உங்கள் கிணற்றுக்கு 40 அடியில் வந்து நிற்கலாம். பிளானில் 16 கட்டத்துக்குள்ளும், எல்லையோடு ஒட்டாமல் நாலடி உள்ளே தள்ளி, பென்சிலால் கிணறும் குழியுமாகப் புள்ளி வைத்துப் பார்த்தேன். அழித்து அழித்து வைத்தும் ஒரு கிணறுகூடத் தப்பவில்லை.

எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிற மழைத்தண்ணீரைத்தான் குடிக்கிறோம், அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்த எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். கல்லில் வெடிப்பும் பொந்தும் இருக்கிற இடத்தில் குழித்தண்ணீர் 50 அடியென்ன, 150 அடியும் ஓடும். ஆகவே 50 அடி என்பதே ஓரளவு மனதைத் தேற்றிக்கொள்கிற கணக்கு. இதைக் கூட்டத்தில் சொன்னால், அப்ப ஏன் அளக்கிறியள் என்பார்கள். அளக்காமல் வேறென்னத்தைச் செய்வது?

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது. இடையில் மாஸ்டரின் கடிதம் வந்தது.

மாஸ்டர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், அந்தக் காணிக்கு அயல். கடிதத்தில் ஒன்பது ஆட்சேபங்கள், இலக்கமிட்டு, கையெழுத்து அச்சுப்போல. எட்டை நானே எழுதியிருப்பேன். ஒழுங்கை 12 அடிதான், எதிரும் புதிருமாக வாகனம் வந்தால் ஒன்று பின்னுக்குப் போகவேண்டும். வெள்ளவாய்க்கால் காணிக்குக் குறுக்கே போகிறது. வடலி அழியும். கிணறுகள் கெடும். கடைசியதற்குச் சான்றாகத் தன் கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையையும் இணைத்திருந்தார். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. ஒன்பதாவது ஆட்சேபம் ஒரே வரி: கிராமத்தின் பண்பும் அமைதியும் கெடும்.

இடம் பார்க்கப் போன அன்று மாஸ்டர் படலையடியில் காத்துநின்றார். தேத்தண்ணி தந்தார். கிளுவை வேலியும் பூவரசும் போட்ட நிழலில் ஒழுங்கை குளிர்ந்து கிடந்தது. எனக்கும் அந்த ஒழுங்கை கெடக்கூடாது என்றுதான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

“பிள்ளை, ஊர் ஊராய் இருக்கவேணும்.”

“நாலு வீடு வந்தா ஊர் இல்லாமல் போகுமோ மாஸ்டர்?”

“வீடு வரட்டும். ஆர் வருகினம் எண்டு ஒரு கணக்கு வேணுமெல்லே. முந்தியெண்டால் அயலைக் கேளாமல் ஆரும் காணி விக்கிறேல்லை.”

நான் மேலே கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு ‘ஆர் வருகினம்’ என்பதற்குப் பொழிப்புரை தேவையில்லை. அவர் புதிதாக எதையும் சொல்லிவிடவும் இல்லை. காணியை வெளியாளுக்கு விற்கமுன் பங்காளியையும் உரித்துக்காரரையும் கேட்கவேண்டும் என்பது 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைப்பித்த, எங்கள் வழக்கச் சட்டமான தேசவழமையிலேயே இருக்கிறது. 1947இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. ‘கிராமத்தின் பண்பு’ என்பது அதே எண்ணத்தின் அலுவலகத் தமிழ். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். நல்ல தேத்தண்ணி.

அன்று பின்னேரமே சிபாரிசை எழுதினேன். துண்டு ஒன்று 12 பேர்ச்சுக்குக் குறையாமல், மொத்தம் 8 துண்டு. காரணம், நிலத்தடி நீர். திட்டமிடல் குழு பத்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டது. முடிவு குழுவினுடையது என்று சொல்லலாம். வீட்டில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் குழு ஏற்றுக்கொண்டது என் வசனத்தை, அதில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஒன்பதாவது ஆட்சேபத்தை நான் சிபாரிசில் தொடவேயில்லை. அந்த நேரம் அது எனக்குப் பெரிய நேர்மையாகப் பட்டது. இப்போது யோசித்தால், தொடாமலே அதை நிறைவேற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இணைப்புகளில் மாஸ்டரின் தண்ணீர் அறிக்கையையும் வைத்தேன். அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அவருடைய கிணற்றுக்கு 100 அடிக்குள் ஒரு குழியும் இல்லை. சுற்றிவர இருப்பது வெங்காயமும் புகையிலையும், போகத்துக்குப் போகம் யூரியா. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதற்குத் தோட்டப் பசளை ஒரு பெரிய காரணம் என்பது இந்த வேலையில் இருக்கிற யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதாவது எந்தப் பச்சையைக் காப்பாற்றவேண்டும் என்று மாஸ்டர் எழுதினாரோ, அவருடைய கிணற்றை அநேகமாக அந்தப் பச்சையேதான் கெடுத்திருக்கிறது. அந்தக் கடதாசியை, குழிகள் வரக்கூடாது என்பதற்குச் சான்றாக நான் வைத்தேன். ஏற்கெனவே கெட்ட தண்ணீரில் இன்னும் 16 குழியைச் சேர்க்கக்கூடாதுதானே என்று ஒரு நியாயம் உண்டு. நல்ல நியாயம்தான். ஆனால் அது எனக்குப் பிறகுதான் தோன்றியது.

இரண்டு கிழமை கழித்து அந்தத் தம்பி வந்தார். பதினோராம் துண்டுக்குத் தரகரிடம் ஒரு இலட்சம் முற்பணம் கட்டியிருந்தார். அப்பா அம்மா 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள், இவர் முகாமில் பிறந்தவர். காணி இருந்தவர்கள் மெல்ல மெல்லப் போய்விட, முகாமில் எஞ்சியவர்களில் பலர் போவதற்குக் காணியே இல்லாதவர்கள். இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்தபோது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. வீடு கட்டக் காசு கிடைக்கும், ஆனால் காணி உங்களுடையதாக இருக்கவேண்டும். அந்தத் திட்டத்தில் மற்றவர்களுக்கு 14 வீடு கட்டிக் கொடுத்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

துண்டின் அளவு இரட்டித்தால் விலையும் இரட்டிக்கும். அதைச் சிபாரிசு எழுதும்போது நான் யோசிக்கவில்லையா? யோசித்தேன். காணி விலை என் விடயம் இல்லை என்றும் யோசித்தேன்.

இரண்டு குடும்பமாய்ச் சேர்ந்து ஒரு துண்டை வாங்கி, இரண்டு வீடு கட்டலாமோ என்று கேட்கத்தான் வந்திருந்தார். முடியாது என்றேன். ஏன் என்றும் விளக்கினேன். கடதாசி எடுத்து, சதுரம் கீறி, கிணற்றையும் குழியையும் போட்டு, 50 அடி என்றால் என்ன என்று ஒரு மேசனுக்கு விளக்கினேன். வாழ்நாளில் நான் பார்த்ததைவிட அதிகமான குழிகளைக் கட்டியவருக்கு. அவர் பொறுமையாகக் கேட்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

இப்போதும் நான் அதைப் பலவிதமாகக் கேட்டுப் பார்க்கிறேன். நக்கலா? இருக்கலாம். ஒருவேளை உண்மையாகவே அறிய விரும்பியிருப்பார், தொழில்காரருக்கு அளவில் ஒரு ஆசை இருக்கும். ‘தெரியாது தம்பி, அளந்து பார்க்கவேணும்’ என்று சொல்லியிருந்தால் என்ன வந்திருக்கும்? ஒன்றும் வந்திராது. சிபாரிசு மாறியிராது. ஆனாலும் நான் அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கவேண்டியதில்லை.

சனிக்கிழமை என் கணவரை நாடாவின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். 37 அடி. எனக்குச் சீதனமாக வந்த வீடு அது, 4 பரப்பு வளவு. வேண்டுமென்றால் 80 அடியும் விட்டிருக்கலாம். குழாய் மிச்சம் பிடிக்க அப்பா குழியைக் கிட்ட வெட்டுவித்திருக்கிறார். அன்றைக்கு யார் அளந்தார்கள்? பெரிய துண்டு கொடுத்தால் தண்ணீர் தப்பும் என்று நான் எழுதியதற்கு எங்கள் வளவே எதிர்ச்சாட்சி. “இவ்வளவு காலமும் குடிச்சனாங்கள்தானே, ஆர் கேக்கப்போகினம்?” என்றார் அவர். ஒருவர் கேட்டுவிட்டார் என்று நான் சொல்லவில்லை.

இதையும் சொல்லவேண்டும். 1981இல் கிளிநொச்சியையும் சேர்த்து யாழ் மாவட்டத்தில் 8 இலட்சத்துக்கு மேல் சனம். 2012இல் கிளிநொச்சி இல்லாமல் 6 இலட்சத்துக்கும் குறைவு. கிளிநொச்சியைக் கழித்துப் பார்த்தாலும் ஆள் குறைந்த மாவட்டம் இது. எங்கள் ஒழுங்கையிலேயே ஐந்து வீடு பூட்டிக் கிடக்கிறது, கோவில் திருவிழாவுக்குத்தான் திறபடும். அப்படியிருக்க, 6 பேர்ச்சுக்கு ஏன் இந்தத் தவிப்பு? வெறும் வீடுகளைக் கணக்கெடுக்க எந்த விண்ணப்பப் படிவத்திலும் இடமில்லை. எனக்கு முன்னால் வருவது காணியைப் பிரிக்கிற பிளான் மட்டும்தான்.

8 துண்டில் ஐந்து விற்றது. மாஸ்டரின் வேலியோடு ஒட்டிய இரண்டையும் கனடாவில் இருக்கிற அவருடைய மகள் வாங்கினார். கிளுவை போய் ஏழடி மதில் வந்தது. வடலியைப் பெக்கோ இயந்திரம் வந்து ஒரே நாளில் துப்புரவாக்கியது. மதிலுக்கு வீதிக்கோடு காட்டப் போன அன்று மாஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல், “மதில் அவையின்ர விருப்பம் பிள்ளை” என்றார். உள்ளே இரண்டு மாடி வீடு முடிந்துவிட்டது, ஆள் இல்லை. ஆள் இல்லாத வீட்டுக் குழி கிணற்றைக் கெடுக்காது. அந்த வகையில் என் சிபாரிசு வெற்றிதான். விற்காத மூன்று துண்டிலும் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது.

இன்னொரு கோப்பு வந்து மேசையில் இருக்கிறது, 9 பரப்பு, 12 துண்டு. என்ன எழுதுவேன் என்று தெரியும். தண்ணீர் தண்ணீர்தான், அதை யாருடைய வாயில் கேட்டேன் என்பதற்காக மாற்றி எழுத முடியாது. ஆனால் இரண்டு நாளாக அதைத் திறக்கவில்லை.

போன மாதம் எங்கள் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளினேன், பரிசோதனைக்குக் கொடுக்க. திகதி எழுதி ஒட்டினேன். ஒரு நாளுக்குள் கொடுக்கவேண்டும். அன்றைக்குக் கூட்டம், அடுத்த நாள் பௌர்ணமிப் போயா விடுமுறை. போத்தல் இன்னும் குசினி யன்னலடியில் இருக்கிறது. அடியில் மெல்லிதாகப் பச்சை பிடித்திருக்கிறது.