கோந்த்ரோல் தெக்னிக்கில் தவறிய கார்

ரெயூனியன் தீவில் சிலாவோஸிலிருந்து சேன் லூயிக்கு இறங்கும் மலைப்பாதையில் 400 வளைவுகள் என்பார்கள். போன மாதம் பாதி வழியில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பின்சீட்டில் பிள்ளைகள். கியரைக் குறைத்து எப்படியோ ஓரம்கட்டி, சூடு ஆறும்வரை நின்றோம். அப்புறம் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து இறங்கினோம்.

அடுத்த வாரம் கோந்த்ரோல் தெக்னிக், அதாவது கட்டாய வாகனச் சோதனை. ரெயூனியனும் பிரான்சுதானே, 4 வருடம் கடந்த காரை 2 வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டியே ஆக வேண்டும். கார் தேறவில்லை. முன்பக்கம் வலது சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். 2 மாதத்துக்குள் சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரைத் திறந்துகூடப் பார்க்காமல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மாற்றச் சொன்னார்கள். விலையைக் கேட்டதும் மனைவியின் சித்தப்பாவிடம் ஓடினேன். காரைக்காலிலிருந்து வந்து இங்கே 30 வருடம் மெக்கானிக்காக இருந்தவர்.

சோதனைத் தாளில், காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைக் காட்டும் லாம்டா என்ற வரியில் விரல் வைத்தார். 0.94. "0.97லேருந்து 1.03க்குள்ள இருக்கணும் மாப்ளே. பெட்ரோல் கூடுதலாப் போவுது. கன்வர்ட்டர் என்ன பண்ணும், பாவம்?"

கன்வர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற சட்டத்தில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். நச்சுவாயுக்களைக் கார்பன் டை ஆக்சைடு, நீராவி, நைட்ரஜன் என மாற்றுவது அந்தப் பூச்சுதான். ஆனால் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் எரிந்தால்தான் மூன்று வேலையும் நடக்கும். அந்த அளவை எஞ்சினுக்குச் சொல்வது கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். பின்னால் இருப்பது முக்கியமாகக் கன்வர்ட்டரைக் கண்காணிக்க. என் காரில் முன் சென்சார்தான் மந்தமாகியிருந்தது. அதை மட்டும் மாற்றினார்.

பிறகு வலது சக்கரத்தைக் கழற்றினார். உள்பக்க பிரேக் பேட் இரும்புவரை தேய்ந்திருந்தது. வெளிப்பக்கப் பேட் ஏறக்குறைய புதுசு. பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பி (பின்) துருவேறி இறுகிவிட்டதால் ஒரு பக்கம் மட்டுமே அழுத்தியிருக்கிறது. அந்தக் கம்பியைத் தேய்த்து கிரீஸ் போட்டு, இரண்டு சக்கரத்துக்கும் புதுப் பேட் மாட்டினோம்.

பிரேக் ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். குழாயில் ஆவிக்குமிழ் உண்டானால் மிதிக்கிற அழுத்தம் அதை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போகாது. அன்றைக்கு மலையில் நடந்தது அதுதான்.

மறுசோதனையில் லாம்டா 1.00, பிரேக் இரண்டு பக்கமும் சமம். பிரேக் ஆயில் மாற்றிய தேதியை எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.