ஏழு நிமிஷப் பூனையும் 84 நிமிஷப் படமும்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பதினாறு வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது. போன மாசம் ஐந்து நிமிஷ ஹைலைட்ஸ் ஒன்று வெட்டிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் பெரியப்பா போன் பண்ணினார். "தம்பி, அருமைங்க. மொத்த வீடியோவையும் இதே மாதிரி மூணு மணி நேரத்துக்குப் பண்ணிருங்க." சரிங்க என்று வைத்துவிட்டேன். வைத்ததும் ஞாபகம் வந்தது, ஏழு நிமிஷக் கார்ட்டூனை 84 நிமிஷத்துக்கு இழுத்த 'டாம் அண்ட் ஜெர்ரி: தி மூவி'. ஞாயிற்றுக்கிழமை சின்னவனையும் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன்.

முதல் பத்து நிமிஷத்தில் குறையே சொல்ல முடியாது. டைட்டில் ஓடும்போதே துரத்தல், அதற்கு ஹென்றி மான்சினி இசை. பிங்க் பாந்தருக்குப் போட்டாரே, அவரேதான். வீட்டுக்காரர்கள் வீடு மாறுகிறார்கள். கிளம்புகிற நேரத்திலும் இது ரெண்டும் அடித்துக்கொண்டு கிடக்க, வண்டி போய்விடுகிறது. விடிந்தால் வீட்டையே இடிக்க ஆள் வந்து நிற்கிறது. துரத்திப் பிடிக்க வீடே இல்லாத பூனையும் எலியும்! இதைவிட நல்ல ஆரம்பம் எனக்கெல்லாம் தோன்றாது.

அப்புறம் தெருவில் ஒரு நாயும் அதன் கூட்டாளி தெள்ளுப்பூச்சியும் வந்து பேர் கேட்கின்றன. டாம் வாயைத் திறந்து பேரைச் சொல்கிறது.

"அப்பா, டாம் பேசுது!" என்றான் சின்னவன். சோற்றில் பல்லி கிடந்ததைப் பார்த்த குரல்.

பேசியதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய படங்களிலேயே டாம் பாடியிருக்கிறது, ஒன்றிரண்டு வசனமும் உண்டு. 1945-இல் 'ஆங்கர்ஸ் அவே' படத்தில் ஜெர்ரி வாய் திறந்துதான் ஜீன் கெல்லியோடு ஆடியது. இங்கே டாமுக்குக் குரல் கொடுத்த ரிச்சர்ட் கைண்டும் சாதாரண ஆளில்லை. 'இன்சைட் அவுட்' படத்தில் பிங் பாங் என்ற பாத்திரத்துக்குக் குரல் அவர்தான். ஆனால் பேச ஆரம்பித்த பூனையும் எலியும் என்ன பண்ணுகின்றன? சிநேகிதமாகி, சிநேகிதத்தைப் பற்றியே ஒரு பாட்டும் பாடிவிடுகின்றன. சண்டையைப் பிடுங்கிக்கொண்டால் டாமிடம் என்ன மிச்சம் இருக்கிறது? மீசைதான்.

அதற்குப் பிறகு கதை ராபின் என்ற சிறுமிக்குப் போய்விடுகிறது. அப்பா திபெத்தில் பனிச்சரிவில் போய்விட்டார் என்று நம்பவைத்து, சொத்துக்காக அவளை அடைத்து வைத்திருக்கும் அத்தை. கூடவே ஒரு வக்கீல். ஸ்கேட்போர்டில் உருளுகிற ஒரு குட்டைக்கால் நாய் வேறு. வக்கீல் பணத்தைப் பற்றிப் பாடுகிற பாட்டு மட்டும் நிஜமாகவே ஜோர். வக்கீலாகப் பேசிய டோனி ஜேயின் குரலுக்காகவே அதை ரெண்டு தடவை ஓட்டினேன். நம் ஆட்கள் ரெண்டு பேரும் பாப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வரும் துணைக்கு ஆள்.

டைரக்டர் ஃபில் ரோமனைத் திட்டவும் மனசு வரவில்லை. கார்ஃபீல்ட் என்ற கார்ட்டூன் பூனையை டிவிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். டாமையும் ஜெர்ரியையும் பெற்ற ஜோசப் பார்பெராவே ஆலோசகராகக் கூட இருந்திருக்கிறார். அவர் இருந்தும் இப்படி ஆகியிருக்கிறது. 1993 ஜூலையில் அமெரிக்காவில் வெளியாகி, அங்கே சுமார் 36 லட்சம் டாலர்தான் தேறியது.

மனசு கேட்காமல் அன்றைக்கு ராத்திரியே 'தி கேட் கான்செர்ட்டோ'வை எடுத்து டைம்லைனில் போட்டேன். பார்பெராவும் அவர் கூட்டாளி வில்லியம் ஹன்னாவும் 1940 முதல் 1958 வரை செய்த 114 டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்களில் ஏழு ஆஸ்கார் வாங்கின. இது அந்த ஏழில் ஒன்று. டாம் கோட்டும் சூட்டுமாக வந்து லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் இசையைப் பியானோவில் வாசிக்கிறது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரியை, கம்பியைத் தட்டுகிற ஒவ்வொரு சுத்தியலும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். கை எலியைத் தேடிப் போனால் கால் விரல் வாசிக்கிறது. பாட்டு நிற்கவே கூடாது என்பதுதான் சட்டம். கட்டை வரிசையின் கோடியில் ரெண்டு கட்டையை எடுத்துவிட்டு ஜெர்ரி எலிப்பொறியை வைக்கிறது. டாமின் விரல் அதன் இருபக்கமும் போய்ப் போய் வருகிறது, பொறியை மட்டும் தொடவில்லை. ஜெர்ரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நமக்கும்தான். அப்புறம், நாம் லேசாக அசந்த நேரத்தில், பட்டென்று ஒரு அடி.

இதை 84 நிமிஷத்துக்கு இழுக்க முடியாது. பார்க்கிறவனுக்கு மூச்சு வாங்கும். அதனால்தான் நடுவில் கதை வேண்டும், கதை வேண்டும் என்று அத்தையையும் வக்கீலையும் கூட்டி வருகிறார்கள். எனக்குத் தெரியும், மூன்று மணி நேரத்தை நிரப்ப நான் பந்தியைப் போடுவதும் இதே புத்திதான்.

2021-இல் டிம் ஸ்டோரி எடுத்த படத்தில் ரெண்டையும் திரும்ப ஊமையாக்கிவிட்டார்கள், புண்ணியமாகப் போகட்டும். ஆனால் அதிலும் கதை மனுஷர்கள் கையில். நியூயார்க் ஹோட்டல் ஒன்றில், யானை மயில் சகிதம் ஒரு இந்தியக் கல்யாணம்! எங்கே போனாலும் எனக்குக் கல்யாண வீடியோதான் விதித்திருக்கிறது.

என் கையில் கொடுத்தால் அந்த இடிபடுகிற வீட்டை விட்டு வெளியே போகவே மாட்டேன். ஒரு ராத்திரி. விடிந்தால் புல்டோசர். ரெண்டுக்கும் அது தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். அறை அறையாகத் துரத்தல், கடைசியில் துரத்த அறை இல்லை. ஒரு மணி நேரம் போதும்.

பெரியப்பாவின் வீடியோவை நேற்று முடித்தேன். ஒன்றேகால் மணி நேரம் பந்தி. முகூர்த்தக் காட்சியில் மூன்றாவது கேமராவின் ஓரத்தில் ஒரு விஷயம் சிக்கியது: ஐயருக்குப் பின்னால் ஒரு வாண்டு தட்டிலிருந்த வாழைப்பழத்துக்குக் கை நீட்டுகிறான், பாட்டி பார்க்காமலே பட்டென்று கையில் போடுகிறார். கை உள்ளே போகிறது. கொஞ்ச நேரம் கழித்து இந்தப் பக்கமிருந்து வருகிறது. மறுபடி பட். கெட்டிமேளம் கொட்ட, எல்லாரும் அட்சதை போட நிமிர்ந்த அந்த நொடியில் பழம் போய்விட்டது. நாற்பது நொடி இருக்கும். அதில் மட்டும் நான் கட் போடவில்லை.